கொடுவாக் குஞ்சுக்கு வாய் திறந்த நாளிலிருந்தே தூள் தீனி போடலாமா?

கிண்ணியாக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கிண்ணியாப் பக்கம் ஒரு சின்னக் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறேன். கொடுவா மீன்தான் செய்கிறோம், தண்ணீரில் வலைக்கூடு கட்டி வளர்ப்பவர்களுக்கு விரல் அளவுக் குஞ்சு கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் எண்ணம். முட்டை பொரிப்பதில் சிக்கல் இல்லை, ஒரு இரவுக்குள் பொரித்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். எங்கள் வேலையில் பாதி, குஞ்சுக்கு இரையாகப் போடும் ரொட்டிஃபர் என்ற மிகச் சின்ன நீருயிரை வளர்ப்பதிலேயே போகிறது. ரொட்டிஃபருக்குப் பாசி வேண்டும், பாசிக்கு உரம், வெளிச்சம், காற்று எல்லாம் வேண்டும், இரவில் கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஓட வேண்டும். இந்த நேரத்தில் வெளிநாட்டுத் தூள் தீனி ஒன்றை விற்பவர் கொண்டுவந்து காட்டினார். துகள் 100 மைக்ரோனுக்கும் கீழே, புரதம் 55 வீதம், பையிலேயே 'முதல் தீனி' என்று போட்டிருக்கிறது. ரொட்டிஃபரை நிறுத்திவிடலாம் என்கிறார் முதலாளி.

சரி என்று ஒரு தொட்டியில் தூள் மட்டும், பக்கத்துத் தொட்டியில் வழமைபோல ரொட்டிஃபர் என்று போட்டுப் பார்த்தோம். தூள் தொட்டிக் குஞ்சு தின்னாமல் இல்லை, டோர்ச் அடித்துப் பார்த்தால் வயிறு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் நாலைந்து நாளில் உடம்பு மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்து, அடியில் போய்க் கிடக்கிறது. பக்கத்துத் தொட்டி பரவாயில்லை.

வயிறு நிறைந்தும் ஏன் சாகிறது? தூள் சரியில்லையா, அல்லது அந்த வயதுக்கு எந்தத் தூளும் சரிவராதா? எந்த நாளில் மாற்றலாம் என்று யாரிடமாவது அட்டவணை இருந்தால் போடுங்கள். மாரி தொடங்கினால் கொட்டியாரக் குடாத் தண்ணீர் கலங்கி உப்பும் இறங்கிவிடும், அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

நுணுக்குக்காட்டி

தம்பி, அட்டவணை பிறகு பார்ப்போம். முதலில் தூள் தொட்டியில் இன்னும் நீந்திக்கொண்டிருக்கும் குஞ்சு ஒன்றை ஒரு துளித் தண்ணீரோடு கண்ணாடித் தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். இந்த வயதில் உடம்பு ஊடுருவித் தெரியும் என்பதால் குடல் முன்னிருந்து பின்வரை வெட்டாமலே தெரியும். தொண்டைக்குப் பின்னால் கிடக்கும் துகளையும் குதத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் துகளையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், விளிம்புகூடக் கரையவில்லை என்றால் உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது என்று அர்த்தம். பிறகு ரொட்டிஃபர் தொட்டிக் குஞ்சு ஒன்றை எடுங்கள். முன்பக்கத்தில் ரொட்டிஃபர் முழு உருவத்தில் இருக்கும், நடுக்குடலில் வெறும் கலங்கல், பின்பக்கத்தில் நசுங்கிய ஓடு மட்டும் மிஞ்சும். வயிறு நிறைவது வேறு, செமிப்பது வேறு. டோர்ச் வெளிச்சத்தில் முதலாவது மட்டும்தான் தெரியும்.

ஏன் செமிக்கவில்லை என்றால், செமிக்க வைக்கும் உறுப்பே இன்னும் உருவாகவில்லை. கொடுவாக் குடம்பி பொரித்து வரும்போது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் நீளம். வாயும் இல்லை, குதமும் இல்லை, குடல் ஒரு நேர்க்குழாய், மஞ்சட்கருப் பையும் ஓர் எண்ணெய்த் துளியும்தான் சாப்பாடு. 28 முதல் 30 பாகைத் தண்ணீரில் இரண்டாம் நாள் அளவில் வாய் திறக்கும், கண்ணில் கருமை ஏறும், அதோடு ஈரலும் சதையியும் (கணையம்) வேலை தொடங்கும். ஆனால் இரைப்பை அப்போது கிடையாது, அந்த இடத்தில் குடல் கொஞ்சம் அகன்றிருக்கும், அவ்வளவுதான். அமிலமும் பெப்சின் என்ற செமிபாட்டு நொதியமும் சுரக்கும் சுரப்பிகள் இரண்டாம் வாரக் கடைசியில்தான் தலைகாட்டும், அமிலம் ஒழுங்காகச் சுரந்து பெப்சின் வேலை செய்ய மூன்றாம் வாரம் ஆகிவிடும்.

அதுவரை புரதத்தை உடைக்கும் பெரிய வேலை சதையியில் இருந்து வரும் திரிப்சினுடையது. அது காரத்தன்மை உள்ள குடலில் வேலை செய்யும் நொதியம். அதற்கும் தப்பிய புரதத்தைப் பின்குடல் கலங்கள் முழு மூலக்கூறாகவே உள்ளே இழுத்து, தமக்குள் வைத்துச் செமிக்கின்றன. குஞ்சின் கையில் இருக்கும் வசதி இவ்வளவுதான். இதற்குள் இந்த மாதிரித் தூளில் வரும் மீன்மாவைப் போட்டால் என்ன நடக்கும்? வேகவைத்து உலர்த்திய புரதம் இறுகிப்போயிருக்கும், தண்ணீரில் கரையாது. அமிலமும் பெப்சினும் முதலில் அதை அவிழ்த்துக் கொடுத்தால்தான் திரிப்சினுக்குப் பிடி கிடைக்கும். கரையக்கூடிய நல்ல பகுதி இருந்தாலும், துகள் இவ்வளவு சிறிதாக இருப்பதால் குஞ்சு கடிப்பதற்கு முன்னரே, சில நிமிடங்களிலேயே, தொட்டித் தண்ணீரில் கரைந்து போய்விடும். பையில் எழுதிய 55 வீதம் பொய் இல்லை. ஆனால் அதில் குஞ்சின் உடம்பில் சேர்வது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ரொட்டிஃபரில் பெரும்பகுதி தண்ணீர், ஓடு மெல்லியது, உள்ளே இருக்கும் புரதத்தில் கணிசமான அளவு ஏற்கெனவே கரைந்த நிலையில் இருக்கும். மெதுவாக நீந்துவதால் இப்போதுதான் கண் தெளிந்த குஞ்சுக்கும் பிடிபடும், தூளைப்போல அடியில் தங்கி அழுகவும் மாட்டாது. ரொட்டிஃபரின் உடம்பில் இருக்கும் நொதியம்தான் குஞ்சுக்குச் செமிக்க உதவுகிறது என்று முன்பு நிறையச் சொல்வார்கள், அளந்து பார்த்தபோது அதன் பங்கு மிகச் சிறியது என்றுதான் தெரிந்தது. ஆகவே நொதியம் கலந்த தூள் என்று யாராவது விற்க வந்தால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் தூள் தொட்டிக் குஞ்சு செத்தது பட்டினியால்தான். மஞ்சட்கரு தீர்ந்த பிறகு சத்து உள்ளே போகாவிட்டால் குடலின் உட்தோல் மெலிந்துவிடும், ஈரல் சுருங்கிவிடும். ஒரு கட்டம் தாண்டினால் அதன் பிறகு நல்ல ரொட்டிஃபரைக் கொட்டினாலும் குஞ்சு மீளாது, அது நீந்திக்கொண்டே இருந்தாலும் கணக்கில் செத்ததுதான். நம்முடைய சூட்டில் அந்தக் கட்டம் சீக்கிரம் வரும். தூளைப் போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் மாற்றுவோம் என்று இரண்டு நாள் பொறுத்தாலே அந்தத் தொட்டி போய்விடும்.

கந்தளாய்க் குளக்கட்டு

நான் நன்னீர்க்காரன். கட்லா, றோகு, சாதாரணக் கெண்டை எல்லாவற்றுக்கும் அவித்த முட்டை மஞ்சட்கருவைத் துணியில் வடித்துக் கரைத்து ஊற்றுகிறோம், பிறகு தவிடும் கடலைப் பிண்ணாக்கும் நன்றாக அரைத்துப் போடுகிறோம். குஞ்சு வளர்கிறதே. கெண்டைக்கு வாழ்நாள் முழுக்க இரைப்பையே இல்லை என்று படித்திருக்கிறேன். இரைப்பை இல்லாததுதான் காரணம் என்றால் கெண்டைக் குஞ்சும் செத்திருக்க வேண்டுமே? பிழை பிடிக்கக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

நுணுக்குக்காட்டி

நல்ல கேள்வி ஐயா. கெண்டைக்கு இரைப்பை இல்லை என்பது சரி, அதனால் அந்த இனம் இரைப்பை இல்லாமலே சமாளிக்கும்படி அமைந்திருக்கிறது. குடல் போகப்போக நீண்டு சுருண்டுவிடும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், சதையி நொதியமும் அதற்கு ஏற்றபடி இருக்கும். கொடுவா வேட்டை மீன். அதன் குடல் கட்டை, வளர்ந்த பிறகு முழு மீனை விழுங்கி இரைப்பையில் வைத்துக் கரைப்பதுதான் அதன் வழி. அந்த இரைப்பை வரும்வரை அதன் குடலால் அதிகம் செய்ய முடியாது.

அளவையும் பாருங்கள். கெண்டைக் குஞ்சு முதல் தீனி எடுக்கும்போது 5, 6 மில்லிமீற்றர் இருக்கும், கொடுவா அதில் பாதிக்கும் குறைவு. கொடுவாவின் வாய் திறப்பு கால் மில்லிமீற்றர் அளவுதான், அதற்குள் போவது அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கடைசியாக, நீங்கள் பிண்ணாக்குப் போடும் குளத்தில் சாணமும் போட்டிருப்பீர்கள் அல்லவா? அந்த மண்குளத்தில் இயல்பாகவே ரொட்டிஃபரும் நீர்த்தெள்ளுகளும் கோடிக்கணக்கில் ஊறியிருக்கும். குஞ்சை முதல் வாரம் வளர்த்ததில் பெரிய பங்கு அவற்றுக்குத்தான் என்பது என் எண்ணம். வெறும் சீமெந்துத் தொட்டியில், வடித்த தண்ணீரில், தவிடு மட்டும் போட்டால் உங்கள் கெண்டையும் இப்படி வளராது.

கந்தளாய்க் குளக்கட்டு

சாணம் போடுகிறோம்தான். இப்போது விளங்குகிறது, நன்றி பிள்ளை.

கொள்ளிடக்கரை

வணக்கம், நான் தமிழ்நாடு, சீர்காழிப் பக்கம். எங்க ஊருக்குப் பக்கத்துல திருமுல்லைவாசலில் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பகம் இருப்பதால் இந்தப் பேச்சு எங்களுக்கு ரொம்பப் பழக்கம். இந்தியாவில் கொடுவாவை முதலில் குஞ்சு பொரிக்க வைத்தது சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997இல். அன்றைக்கும் ரொட்டிஃபர், அப்புறம் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால், இன்றைக்கும் அதேதான்.

மேலே அக்கா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்லணும். முதல் நாளிலிருந்து தூளில் வளர்க்கவே முடியாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் ஐரோப்பிய சீ பாஸ் குஞ்சை வாய் திறந்ததிலிருந்தே தயார் தீனியில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தீனியில் புரதத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சேர்த்தார்கள், பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பை அதிகமாகச் சேர்த்தார்கள், ஏன்னா குஞ்சால் அதைத் தன் உடம்பில் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. புரதம் முழுவதையும் அப்படி வெட்டினாலும் ஆகாது, மிதமாகத்தான் இருக்கணும். அது ஆய்வுக்கூடம், குளிர்ந்த தண்ணீர், வேறு குடும்பத்து மீன். நம்ம கொடுவாவுக்கு, இந்த வெயிலில், தம்பியின் தொட்டியில் அது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வழி அந்தப் பக்கம் இருக்கிறது. பை வாங்கும்போது புரதம் எத்தனை வீதம் என்று பார்ப்பதைவிட, எதிலிருந்து வந்த புரதம், பாஸ்போலிப்பிட் எவ்வளவு என்று கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீங்க.

இன்னொரு விஷயம். ரொட்டிஃபர் போட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது, ரொட்டிஃபர் என்ன தின்றது என்பதும் முக்கியம். ஈஸ்ட் மட்டும் தின்ற ரொட்டிஃபர் வயிற்றை நிரப்பும், ஆனால் கடல் மீனுக்குக் கட்டாயம் வேண்டிய டிஎச்ஏ, இபிஏ என்ற கொழுப்பமிலங்கள் அதில் இருக்காது. நானோக்ளோராப்சிஸ் பாசியில் இபிஏ நிறைய, ஐசோகிரைசிஸில் டிஎச்ஏ, இரண்டும் கிடைத்தால் நல்லது. ஆர்ட்டீமியா பொரித்து வரும்போது அதில் டிஎச்ஏ அனேகமா இல்லவே இல்லை. பொரித்து சுமார் 8 மணி நேரம் கழித்துத்தான் அதற்கே வாய் திறக்கும், அப்புறம்தான் எண்ணெய்ச் சத்துக் கரைசலில் போட்டு ஊட்ட முடியும். ஊட்டியதையும் உடனே கொடுக்கணும், வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் அந்தச் சத்தை அதுவே செலவழித்துவிடும். சத்து ஊட்டாத ஆர்ட்டீமியாவில் வளர்ந்த குஞ்சு பார்க்க நல்லாத்தான் இருக்கும், வலையில் அள்ளினதும் விறைத்து மல்லாந்துவிடும்.

அப்புறம் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கிறதா என்று பாருங்க தம்பி. முதல் சில நாளில் குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கித்தான் நீந்துபையை நிரப்பும். சத்துக் கரைசலின் எண்ணெய் மேலே படர்ந்திருந்தால் அந்தக் காற்று கிடைக்காது, அந்தக் குஞ்சு முதுகு வளைந்து வளரும், விற்கவும் முடியாது. படலத்தை ஒதுக்கி எடுக்க மேற்பரப்பில் ஒரு சின்ன மிதவைச் சட்டம் போதும்.

நுணுக்குக்காட்டி

பிரான்ஸ் ஆய்வைச் சொன்னதற்கு நன்றி அண்ணா, நான் அதை விட்டுவிட்டேன் என்பது உண்மை. அந்தத் தீனி வேலை செய்த காரணமும் குடல்தான் என்று பார்த்தால் நாம் இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறோம், திரிப்சினுக்கு ஏற்றபடி புரதத்தை வெட்டிக் கொடுத்தார்கள்.

கிண்ணியாக்கரை

அக்கா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். தூள் தொட்டிக் குஞ்சின் வாலுக்குக் கீழே வெள்ளை நூல் தொங்குகிறது, அதைக் கிள்ளி எடுத்துப் பார்த்தால் துகள் துகளாக, பையில் இருந்தது போலவே இருக்கிறது. முதலாளியைக் கூப்பிட்டுக் கண்ணால் காட்டினேன். ரொட்டிஃபரை நிறுத்தும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

சரி, இப்போது அட்டவணை. ஆர்ட்டீமியா எப்போது, தூள் எப்போது? அதோடு இன்னொரு சந்தேகம், ஆர்ட்டீமியா நிறையப் போட்ட தொட்டியில் குஞ்சின் கழிவு செம்மஞ்சளாக, உள்ளே ஆர்ட்டீமியா முழுசாகவே தெரிகிறது. அதுவும் செமிக்கவில்லையா?

நுணுக்குக்காட்டி

நாள் சொல்கிறேன், ஆனால் நாளைப் பார்த்து மாற்றாதீர்கள், குஞ்சைப் பார்த்து மாற்றுங்கள். தண்ணீர் இரண்டு பாகை குறைந்தாலே குடல் வளர்வதும் பின்னுக்குப் போய்விடும், கலண்டர் அதற்காகக் காத்திருக்காது.

வாய் திறந்ததும் சின்ன ரக ரொட்டிஃபர், ஒரு மில்லிலீற்றருக்கு 10 முதல் 20 வரை. தொட்டித் தண்ணீரில் பாசி ஊற்றி இளம்பச்சையாக வைத்திருங்கள், இல்லாவிட்டால் குஞ்சு தின்னாமல் விட்ட ரொட்டிஃபர் சில மணித்தியாலத்தில் தானே பட்டினி கிடந்து வெறும் ஓடாகிவிடும். ஒன்பதாம், பத்தாம் நாள் அளவில், குஞ்சு 4 மில்லிமீற்றரைத் தொட்டதும், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைக் கொஞ்சமாகத் தொடங்கலாம். ஆர்ட்டீமியா ஏறக்குறைய அரை மில்லிமீற்றர், ஆகவே பின்தங்கிய குஞ்சுக்கு அது வாயில் போகாது. அதற்காகத்தான் ரொட்டிஃபரை உடனே நிறுத்தாமல் இரண்டையும் சில நாள் சேர்த்துக் கொடுப்பது. ஆர்ட்டீமியா முட்டை ஓட்டை நன்றாகப் பிரித்து எடுங்கள், ஓடு செமிக்காது, சின்னக் குடலை அடைத்துவிடும்.

உங்கள் செம்மஞ்சள் கழிவுக்குக் காரணம் வேறு. ஆர்ட்டீமியாவைக் குஞ்சால் செமிக்க முடியும், ஆனால் கண்முன்னே இரை நீந்திக்கொண்டே இருந்தால் குஞ்சு நிறுத்தாமல் விழுங்கும், பின்னால் வருவது முன்னால் போனதைத் தள்ளிவிடும். குடலில் தங்கும் நேரம் போதாமல் அப்படியே வெளியே வருகிறது. ஒரே தடவையில் கொட்டாமல் நாளுக்கு நாலு, ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், அடுத்த வேளைக்குள் தொட்டி கிட்டத்தட்ட வெறுமையாகும் அளவு போதும். ஆர்ட்டீமியா டின் விலைக்கு இதுவே பெரிய சேமிப்பு, முதலாளிக்கும் சொல்லுங்கள்.

தூளுக்கு வருவோம். பதினைந்தாம் நாள் தாண்டிய பிறகு குஞ்சை மறுபடி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பாருங்கள். குடலின் முன்பக்கம் தனிப் பையாக மடிந்து நிற்பது தெரிந்தால் இரைப்பை வடிவெடுத்துவிட்டது. அப்போது ஆர்ட்டீமியாவுக்குக் கொஞ்சம் முன்னால், குஞ்சு பசியோடு இருக்கும் காலை வேளையில், 200, 300 மைக்ரோன் தூளை ஒரு சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். தின்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், முன்பு செய்தது போலக் குடலின் முன்துகளையும் பின்துகளையும் ஒப்பிடுங்கள். பின்னால் இருப்பது கரைந்து பசையாக இருந்தால் ஆர்ட்டீமியாவைக் குறைத்துக்கொண்டே போகலாம். இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். நன்றாக நடந்தால் நாலாம் வாரத்துக்குள் முழுக்கத் தூளுக்கு வந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் ஒன்றை ஒன்று தின்னத் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் குஞ்சைக்கூடக் கொடுவா விழுங்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது சல்லடையில் பிரித்துப் பெரியதை வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால், இவ்வளவு பாடுபட்டுச் செமிக்கப் பழக்கிய குஞ்சு அடுத்த குஞ்சைத்தான் செமிக்கும்.

கொள்ளிடக்கரை

மழைத் தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீங்க, அதையும் சொல்லிடறேன். கொடுவா வளர்ந்த பிறகு நன்னீரிலும் இருக்கும், ஆனால் முட்டைக்கும் முதல் வாரக் குஞ்சுக்கும் ஆயிரத்துக்கு 28 முதல் 32 உப்பு வேணும். ரொட்டிஃபர் உப்புக் குறைவிலும் வளரும், ஆனால் 20இல் வளர்ந்ததைத் தூக்கி 30இல் போட்டால் நீந்தாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும், குஞ்சுக்கு அது கண்ணில் படாது. ரொட்டிஃபர் தொட்டி உப்பையும் குஞ்சுத் தொட்டி உப்பையும் முன்கூட்டியே கிட்டக் கிட்டக் கொண்டு வந்துடுங்க.

கிண்ணியாக்கரை

மகாவலி வந்து விழுவதால் மூதூர்ப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் உப்பு நன்றாகவே இறங்கும் அண்ணா. ஐப்பசி மழை பிடிக்கும் முன்னரே நல்ல தண்ணீரை வடித்துப் பெரிய தொட்டிகளில் நிரப்பி மூடி வைக்கச் சொல்லி முதலாளியிடம் இன்றைக்கே கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று, எங்கள் ரொட்டிஃபரில் பெரிய ரகம்தான் இருக்கிறது, அளந்து பார்த்தால் 200 மைக்ரோனுக்கு மேல். சின்ன ரகம் இந்தப் பக்கம் யாரிடமாவது கிடைக்குமா?

நுணுக்குக்காட்டி

என்னிடம் இருக்கிறது, சீனன்குடாவில் வந்து எடுத்துக்கொள்ளலாம். காலையில் வெயில் ஏறும் முன் வாருங்கள், போத்தலில் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டேன், மேலே காற்று இருக்க வேண்டும். கொண்டுபோனதும் 50 மைக்ரோன் வலையில் வடித்து உங்கள் சுத்தமான கடல்நீரில் கழுவிவிட்டுத்தான் புதுத் தொட்டியில் விட வேண்டும், என் தொட்டி பற்றீரியா உங்களுக்கு வேண்டாம். பழைய பெரிய ரகம் இருந்த தொட்டி, வாளி, காற்றுக் குழாய் எல்லாவற்றையும் குளோரின் போட்டுக் கழுவிக் காய வைத்துவிட்டு வாருங்கள், ஒன்றிரண்டு தப்பினாலும் கொஞ்ச நாளில் தொட்டி முழுக்கப் பழைய ரகமாகிவிடும்.